கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை

டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளாதவன் யோக்கியன் என்று மனதார நம்பிய ஒரு மனிதரை எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு ஃபோர்மேன் அவர். காலை பத்து மணிக்குக் கேன்டீன் தள்ளுவண்டி ஷாப் வாசலுக்கு வந்ததும், எல்லோர் காதிலும் விழும்படி "நம்மளது வித்தவுட்" என்று டம்ளரை நீட்டுவார். அந்த வித்தவுட் டீயோடு நாலு போண்டா உள்ளே போகும். ஐந்தாவதைப் பாதியாகப் பிட்டு, "போதும், வாயக் கட்டணும்" என்று தட்டில் வைப்பார். பேச்சுவாக்கில் அந்தப் பாதியும் காணாமல் போய்விடும். மதியம் சாம்பாருக்கு ஒரு குன்று, ரசத்துக்கு ஒரு குன்று, மோருக்கு ஒரு குன்று என்று சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே உபதேசம் ஆரம்பிப்பார். "சக்கர வியாதின்றது இன்னா? சோம்பேறிக்கு வர்றது. வாயக் கட்டத் தெரியாதவனுக்கு வர்றது. என்னப் பாரு, இருவது வருஷமா சக்கரயத் தொட்டதில்ல." எதிரில் உட்கார்ந்திருக்கும் நானும், மூன்று வருஷம் நர்சிங் படித்தவள், தலையை ஆட்டுவேன். அந்த மனிதரை நான் எவ்வளவு இளப்பமாக நினைக்கிறேனோ, அதில் சரிபாதி அந்தத் தலையாட்டலுக்கும் சேரும்.

இது 1991. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பக்கம் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் கம்பெனி மதில்களாக இருக்கிறதே, அப்போது அங்கே ஏரியும் நெல்வயலும், நடுநடுவே எங்களுடையதைப் போலச் சில தகரக் கூரைகளும்தான். இரும்புத் தகட்டிலிருந்து லாரிகளுக்கு உதிரிபாகம் அடித்தெடுக்கும் தொழிற்சாலை. முதலுதவி அறைக்கு நான் ஒருத்திதான். தாம்பரத்திலிருந்து ஒரு டாக்டர் புதன்கிழமைதோறும் வந்து ஒரு மணி நேரம் உட்காருவார். நான் எழுதி வைத்த தாள்களில் எல்லாம் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மழை வருமா வராதா என்று பேசிவிட்டுப் போய்விடுவார். ஆக, அங்கே யாருக்கு நோய் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று தீர்மானித்தவள் நான். அந்த வருஷம் எங்கள் ஊர்ப் பெயர் வேறொரு பெரிய துக்கத்துக்காக நாடெங்கும் அடிபட்டது. அதை எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒருவருடைய கழுத்தைப் பற்றி.

வெளிநாட்டுக் கூட்டாளிகள் தொழிற்சாலையைப் பார்க்க வரப்போகிறார்கள் என்று அந்த வருஷம் பேச்சு அடிபட்டது. நிர்வாகம் ஃபோர்மேனைச் சென்னைக்கு மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது. எந்திரத்தையும் தரையையும் சுத்தமாக வைத்துக்கொள்வது பற்றித்தான் அங்கே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். இவர் திரும்பி வந்து மனிதர்களைச் சுத்தம் செய்யக் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களைக் கேட் பக்கத்தில் வரிசையாக நிறுத்துவார். நகம், தலைமுடி, கழுத்து மூன்றையும் பார்ப்பார். கையில் ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பார், சந்தேகம் வந்தால் துடைத்துப் பார்க்க. பிள்ளை பெற்ற ஆண்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. கேஷுவலாக இருந்தவர்களில் யார் யாரைப் பெர்மனன்ட் ஆக்குவது என்ற பட்டியல் அந்த மாதம்தான் தயாராகிக்கொண்டிருந்தது. பிரஸ் ஷாப்பில் அதைத் தயாரித்தவர் துணி வைத்திருந்தவர்தான்.

மணிமங்கலத்துக்காரர் அந்த வரிசையில் கடைசியில் நிற்பார். எல்லோரும் அவரை ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முப்பது வயதைத் தாண்டியவர், இரண்டு குழந்தைகள். விவசாயக் குடும்பம். நாலு வருஷமாகக் கேஷுவல், மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்தவர். கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் சட்டையை முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும். பெர்மனன்ட் ஆகிவிட்டால் மாமனார் வீட்டுப் பந்தியில் நிமிர்ந்து உட்காரலாம் என்று ஒருமுறை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அவர் கழுத்தின் பின்பக்கம் மடிப்பு மடிப்பாகக் கறுத்து, தடித்து, வெல்வெட் துணி ஒட்டியதுபோல இருந்தது.

ஃபோர்மேனுக்கு அது திருவிழாவாகப் போய்விட்டது. "இன்னாய்யா கழுத்து இது? தேச்சிக் குளிக்கறியா, இல்ல தண்ணிய காட்டிட்டு வந்துர்றியா?" என்று எல்லோர் முன்னாலும் வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தார். துணி வெள்ளையாகவே வந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடியிருப்பார்கள். இவர் துணியை உயர்த்திப் பிடித்துக் காட்டி, "பாத்தீங்களா, துணில கூட ஒட்டல. அவ்ளோ பழய அழுக்கு" என்றார். துணியில் ஒட்டினால் அழுக்கு, ஒட்டாவிட்டால் பழைய அழுக்கு. மூன்று நாள் பயிற்சியில் கற்ற விஞ்ஞானம் அது. நான் முதலுதவி அறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் மணிமங்கலத்துக்காரர் என்னிடம் வந்தார். கழுத்தில் தோல் உரிந்து ரத்தம் கசிந்திருந்தது. பீர்க்கங்காய் நாரில் ஆரம்பித்து, தேங்காய் நாருக்குப் போய், கடைசியில் பாத்திரம் தேய்க்கும் பவுடரைப் போட்டு மனைவியைத் தேய்க்கச் சொல்லியிருக்கிறார். "டெய்லி ரெண்டு வாட்டி குளிக்கறேன் சிஸ்டர். வலி உயிர் போவுது, தேச்சிகினுதான் கீறேன். போவ மாட்டேங்குது" என்றார். புண்ணைச் சுத்தம் செய்து களிம்பு தடவினேன். புண் இல்லாத இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து நானும் ஒருமுறை துடைத்துப் பார்த்தேன். பஞ்சிலும் ஒன்றும் வரவில்லை. அதை என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, "சின்ன வயசுலேர்ந்தே ஒழுங்கா தேய்ச்சுக் குளிச்சிருந்தா இப்படி ஆகியிருக்காதுங்க" என்றேன். சொல்லும்போது என் குரலில் ஒரு அம்மாவின் கரிசனம் இருந்ததாக எனக்கு நினைப்பு. அந்தக் கரிசனத்தை இப்போது நினைத்தால் காறித் துப்பலாம்போல இருக்கிறது.

போகும்போது கதவருகில் நின்று இன்னொன்றும் கேட்டார். "எங்க அப்பாவுக்கு சக்கர சிஸ்டர். கால் வெரல எடுத்துட்டாங்க. மத்யானம் சோறு துன்னதும் எனக்குக் கண்ண இட்டுக்கினு போவுது. எனக்கும் அதுவா இருக்குமா?" பிரஸ்ஸில் தூங்கி வழிந்தால் கை போய்விடும். ஃபோர்மேன் அவரை இரண்டு தடவை பிடித்து, சோம்பேறி என்று எழுதியும் வைத்திருந்தார். நான் விடுவேனா? சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். அந்தக் காலத்துச் சோதனை எளிது. கண்ணாடிக் குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் நிறம் என்று போகப் போக அதிகம். முறையாகச் செய்ய வேண்டும் என்பதற்காக, காலையில் டீத்தண்ணி கூடக் குடிக்காமல் வரச் சொன்னேன். அவரும் வெறும் வயிற்றோடு மணிமங்கலத்தில் பஸ் ஏறி வந்தார். குழாய் கொதித்தது. நீலம் அப்படியே இருந்தது. எனக்கு ஏற்பட்ட திருப்தியைச் சொல்லி முடியாது. "உங்களுக்குச் சர்க்கரை இல்லவே இல்லை, போய் நிம்மதியா வேலையைப் பாருங்க" என்றேன்.

பட்டியலோடு ஆளுக்கொரு உடல்தகுதித் தாளும் போக வேண்டும். ஃபோர்மேன் என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டு, "உள்ளத எழுதுங்க சிஸ்டர், நமக்கு எதுக்கு பாவம்" என்றார். அவர் மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. நான் எழுதியதற்கு அவர்மேல் பழி போட எனக்கு வழியே வைக்கவில்லை. மணிமங்கலத்துக்காரர் தாளில், பார்வை சரி, செவி சரி, சிறுநீரில் சர்க்கரை இல்லை என்று அழகான கையெழுத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். கடைசியில், நோய் எதுவும் இல்லை, உடல் சுத்தம் போதாது என்று முடித்தேன். நோய் இல்லை என்று ஆன பிறகு தூக்கத்துக்கு வேறு என்ன காரணம்? சோம்பல்தான். கறுப்புக்கு? அழுக்குதான். ஃபோர்மேன் வாயால் சொன்னதற்கு நான் மருத்துவ முத்திரை குத்திக் கொடுத்தேன். டாக்டர் புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட்டார்.

நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டிய அன்று மணிமங்கலத்துக்காரர் பெயர் அதில் இல்லை. கூட்டாளிகள் வருகிற சமயத்தில் இப்படிப்பட்ட ஆள் ஷாப்பில் நிற்க வேண்டாம் என்று கேஷுவல் வேலையையும் நிறுத்திவிட்டார்கள். மத்தியானம் அவர் முதலுதவி அறைக்கு வந்து, நான் கொடுத்தனுப்பிய களிம்பு டியூபை மேஜைமேல் வைத்தார். பாதிதான் தீர்ந்திருந்தது. "ஆறிடுச்சி சிஸ்டர். கம்பெனி சாமான், வெச்சிக்கிங்க" என்றார். அப்புறம், "நீங்க இன்னா எழுதுனீங்க?" என்று கேட்டார். உள்ளதைத்தான் எழுதினேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுக் கேட் பக்கம் நடந்தார். வந்த கூட்டாளிகள் ஷாப்பில் இருந்தது கால் மணி நேரம். ஒருவர் கழுத்தையும் அவர்கள் பார்க்கவில்லை.

சில வருஷங்களில் அந்த வேலையை விட்டு, ஸ்ரீபெரும்புதூரில் சர்க்கரை நோய்க்கென்றே ஒரு டாக்டரம்மா நடத்திய கிளினிக்கில் சேர்ந்தேன். சேர்ந்த முதல் வாரம். நோயாளி ஒருவர் நாற்காலியில் உட்காருவதற்குள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "சிஸ்டர், ரிப்போர்ட் பாக்கறதுக்கு முன்னாடி கழுத்தைப் பாருங்க" என்றார். பார்த்தேன். அதே வெல்வெட். "தேய்ச்சா போகாதா டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் தமாஷ் செய்வதாக நினைத்துவிட்டார்.

பிறகு எனக்குப் புரிந்ததை என் பாணியில் சொல்கிறேன். சோறோ இட்லியோ பன்னோ, எதைத் தின்றாலும் அதில் பெரும்பங்கு சர்க்கரையாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. நாக்குக்கு இனித்ததா இல்லையா என்று ரத்தம் கேட்பதில்லை. அந்தச் சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் அனுப்பி வைப்பது கணையம் சுரக்கும் இன்சுலினுடைய வேலை. சிலர் உடம்பில், முக்கியமாக வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்து, நடை குறைந்து, ஷிப்டு மாறி மாறித் தூக்கமும் கெட்டவர் உடம்பில், பெற்றவர்களுக்கும் நோய் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், தசையும் ஈரலும் இன்சுலின் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை. அப்போது கணையம் என்ன செய்யும்? இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சுரந்து தள்ளும். எங்கள் ஃபோர்மேன் கத்தக் கத்த ஷாப்பில் எல்லோருக்கும் காது மரத்துப்போய், நேற்று வாங்கிய அதே வேலையை வாங்க அவர் இன்று இன்னும் பெரிதாகக் கத்தியதைப் போல. சாயங்காலம் எண்ணினால் உருப்படி குறையாது. தொண்டை கிழிவதும் வெளியே தெரியாது. உடம்பில் இந்தக் கூத்து வருஷக்கணக்கில் நடக்கும், ரத்தத்தில் சர்க்கரை சரியாகவே இருக்கும். கணையம் ஓய்ந்துபோகத் தொடங்கும்போதுதான் அது ஏறும். ஏறினாலும், ரத்தத்தில் ஓர் அளவைத் தாண்டினால்தான் சிறுநீரில் வழியும். அப்படியிருக்க, வெறும் வயிற்றுச் சிறுநீரைக் காய்ச்சி நீலத்தைப் பார்த்து நான் பூரித்துப் போனேனே, அது எதற்கும் சாட்சி இல்லை.

அளவுக்கு மீறிச் சுரந்த அந்த இன்சுலின்தான் தோலையும் தூண்டிவிட்டு, கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தடிக்க வைத்துக் கறுப்பாக்குகிறது. கழுத்துக் கறுப்பு எல்லாமே இதனால்தான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தள்ளிய வயிறு, அப்பாவுக்குச் சர்க்கரை, சோறு தின்றதும் கிறங்கும் கண், இத்தனையும் ஒரே ஆளிடம் இருந்தபோது அந்தக் கழுத்து நோய் வருவதை எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறது. சோற்றைப் பாதியாகக் குறைத்து, சாப்பிட்டதும் ஷாப்பைச் சுற்றி ஒரு நடை போட்டு, தொடர்ந்து பகல் ஷிப்டு கிடைத்திருந்தால் அவர் நோயை எத்தனையோ வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம். கழுத்தும் மெல்ல வெளுத்திருக்கும். நாங்கள் அவரைப் பாத்திரம் தேய்க்கும் பவுடரை எடுக்க வைத்தோம். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை என்று எழுதியிருந்தாலும் அந்த நிர்வாகம் அவரை எடுத்திருக்காது. வேலை போயிருக்கும், பெயர் கெட்டிருக்காது.

ஃபோர்மேனும் ஒரு நாள் அந்தக் கிளினிக்குக்கு வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்றிருந்தார். ரிப்போர்ட்டில் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு டாக்டரம்மாவிடம் சண்டைக்கே போனார். "முப்பது வருஷமா டீல சக்கர போட்டதில்ல டாக்டர். எனக்கு எப்படி வரும்?" ஏதோ ஒப்பந்தம் போட்டுக்கொண்டு உடம்பு தன்னை ஏமாற்றிவிட்டதைப்போலக் கொதித்தார். சுங்குவார்சத்திரம் டீக்கடைகளில் இன்றைக்கும் வித்தவுட் டீயில் இரண்டு பன்னை முக்கித் தின்றுகொண்டு ஆரோக்கியம் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம்தான் ஞாபகம் வருகிறது. வெளியே போகும்போது அவரை நிறுத்தி, மணிமங்கலத்துக்காரர் கழுத்தில் இருந்தது அழுக்கு இல்லை, நோயின் அடையாளம் என்று சொன்னேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "யாரு, அந்தக் குளிக்காதவனா? நல்லா ஞாபகம் கீது" என்று சிரித்துவிட்டுப் போனார். அவர்மேல் பரிதாபப்படப் பார்த்தேன். வரவில்லை.

மணிமங்கலத்துக்காரர் வந்தது அதற்கும் பிறகு. புதிதாக வந்த பெரிய கம்பெனி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். நல்ல வெயில் காலம். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வணக்கம் வைத்தார், நான் ஏதோ நல்லது செய்தவளைப் போல. ரத்தம் எடுத்து முடித்ததும் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது அழுக்கே இல்லைங்க. உள்ளே இந்த நோய் வந்துகிட்டிருந்தது, அதுதான் கழுத்துல தெரிஞ்சது. நான்தான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட வேண்டும் என்றுகூட விரும்பினேன். அவர் சட்டையின் கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப சொன்னீங்களே, அத எழுதித் தர்றீங்களா சிஸ்டர்?"

எதற்கு என்று கேட்டேன்.

"வூட்ல காட்டணும். கம்பெனில சொன்னது ஊர் முழுக்க வந்துடுச்சி. மாமனார் வூட்ல இன்னும் எனக்கு குளிக்காதவன்னுதான் பேரு. பசங்க எதிர்லயே சொல்றாங்க. பசங்களும் அப்டிதான் நெனச்சிக்கினு கீதுங்க."

கிளினிக் தாளில் நாலு வரி எழுதினேன். கழுத்தில் இருந்த கறுப்பு அழுக்கு அல்ல, உடலுக்குள் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் வந்தது, இவர் சுத்தமாகத்தான் இருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டாக்டரம்மாவும் படித்துப் பார்த்துவிட்டு முத்திரை வைத்தார். மணிமங்கலத்துக்காரர் தாளை வாங்கி எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். பிறகு பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தேதி மட்டும் தொண்ணூத்தொண்ணுன்னு போட முடியுமா?"

முடியாது என்றேன். பழைய தேதி போட்டு எழுதுவது பொய் என்று விளக்கமாக எடுத்தும் சொன்னேன். கம்பெனிக்கு ஒரு பொய்யைச் சரியான தேதி போட்டு எழுதிக் கொடுத்தவள், இவருக்கு ஒரு உண்மையைத் தவறான தேதி போட்டு எழுதித்தரச் சம்மதிக்கவில்லை. "சரி சிஸ்டர்" என்று தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்.